பெயர் இல்லாத தாராபாத்திரம்

திருப்புனல்மங்கலத்துப் புனலுகந்த நாதர் கோயிலில் பெயர் பொறிக்கப்படாத பொருள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. குழல்விளக்குகளில் உபயதாரர் பெயர் எழுதியது போக மிஞ்சிய இடத்தில் சிறிது வெளிச்சம் வந்தது. மின்விசிறியின் மூன்று இறக்கைகளில் பாட்டனார், தந்தை, மகன் என ஒரே குடும்பத்து மூவர் எழுதப்பட்டிருந்தனர். விசையைத் தட்டினால் மூவரும் ஒருவராகிக் காற்றில் கலந்துவிடுவர். எவர்சில்வர் வாளி, செருப்பு வைக்கும் பலகை, திருநீற்றுக் கொப்பரை, துடைப்பம் சாத்தும் மூலை என எங்கு திரும்பினாலும் இன்னார் உபயம் என்றிருந்தது. பெயரைக் கடந்தவன் என்று அடியார் போற்றும் இறைவன் இத்தனை பெயர்களுக்கு நடுவே பொறுமையாக எழுந்தருளியிருந்தான்.

பெயர் இல்லாத அந்த ஒரு பொருள் தாராபாத்திரம். அக்கினி நட்சத்திர நாள்களில் சிவலிங்கத்தின் முடிமேல் சங்கிலியில் தொங்கவிடும் வெள்ளிக் கலம் அது. அடியில் ஒரு சிறு துளை. துளையில் தருப்பைத் திரி. தாமிரபரணி நீரை நிரப்பிவிட்டால் திரி வழியே துளித்துளியாக நாள் முழுதும் இறங்கும். கங்கையைச் சடையில் வைத்தவனுக்கும் கோடையில் முடி சுடுமே என்று கவலைப்பட்ட யாரோ ஓர் அன்பர் கொடுத்தது. யார், எந்த ஆண்டு என்பது ஒருவருக்கும் தெரியாது. கொடுத்தவர் சொல்லாமலே போய்விட்டார்.

மே மாதம் முதல் நாள் காலை, கோயில் பூசகர் வைத்தி பட்டர் சங்கிலிக்கு எண்ணெய் இடுவதற்காகப் பொருளறையைத் திறக்கச் சொன்னார். வழக்கமாக மூன்றாம் நாள் மாலையில்தான் சொல்வார். இவ்வாண்டு வெயில் முந்திக்கொண்டதால் அவரும் முந்திக்கொண்டார். கோயிலைக் காவல்காக்கும் மெய்க்காவலர் பூதலிங்கம் பூட்டைத் திறந்தார். சங்கிலி இருந்தது. பழைய தருப்பைத் திரி வாழைநார் சுற்றிப் பலகையில் பத்திரமாக இருந்தது. தாராபாத்திரம் இல்லை.

பூட்டு உடைபடவில்லை. அதற்குச் சாவிகள் இரண்டு. ஒன்று பூதலிங்கத்தின் அரையில். மற்றொன்று திருப்பணி மன்றத் தலைவர் சுந்தர்ராமனின் மேசையில். சுந்தர்ராமன் பணிநிறைவு பெற்ற பொறியாளர். அவர் கட்டிய பாலங்களைக் காட்டிலும் அவற்றின் திறப்புவிழாக் கற்கள் உறுதியானவை என்று ஊரில் பேச்சு.

அன்று மாலையே மன்றம் கூடி மூன்று கருத்துகளை ஆராய்ந்தது. முதலாவது, கடல்கடந்த சிலைக்கடத்தல் கூட்டம். இரண்டாவது, கோயிலிலிருந்து மதுரை அரண்மனை வரை ஓடுவதாக ஊரார் நம்பும் சுரங்கம். அதன் வழியே எவனோ வந்திருக்கிறான். மூன்றாவது, பூதலிங்கம். முதற் கருத்தை ஆராயக் கடல் கடக்க வேண்டும். இரண்டாவதற்கு மண் தோண்ட வேண்டும். மூன்றாவது கருத்தோ தூண் ஓரத்தில் கைகட்டி நின்றது.

நான்காம் நாள் அக்கினி நட்சத்திரம் தொடங்குகிறது; அன்று உச்சிகாலப் பூசைக்கு முன் பாத்திரம் திரும்பி வர வேண்டும் என்றார் தலைவர். வராவிட்டால் பூதலிங்கத்தின் பெயர் எழுதிய மனு காவல் நிலையம் போகும். அவர் வேலையும், மதிலோரத்துக் கோயில் வீடும் போகும். அதுவரை அவர் சந்நிதிக்குள் நுழையக் கூடாது. ஆற்றிலிருந்து திருமஞ்சன நீர் எடுக்கவும் கூடாது. இருபத்திரண்டு ஆண்டுகள் நாள்தோறும் குடம் சுமந்த அம்மனிதர், “சரிங்கய்யா” என்று சொல்லிச் சாவியைக் கழற்றிக் கீழே வைத்தார். அடுத்து, பொருளறைக்குப் புதுப்பூட்டு, மூன்று உறுப்பினரிடம் மூன்று சாவி, மூவரும் சேர்ந்தாலன்றித் திறவாது எனத் தீர்மானம் நிறைவேறியது. அதைக் கேட்டதும் தலைவருக்கு வியர்த்தது. வெயில் என்று எல்லாரும் நினைத்தனர்.

பூதலிங்கத்தின் மகள் உலகம்மைக்குப் பன்னிரண்டு வயது. அன்று மாலை அவள் நேரே போனது, பட்டர் மகள் மீனு தலைமை வகிக்கும் பொருநைத் துப்பறிவாளர் சங்கத்துக்கு. சங்கம் ஊர்ப் பள்ளியின் பூட்டிய வகுப்பறைக்குப் பின்னால், வேப்பமரத்தடியில் இயங்கியது. அதன் உறுப்பினர் மூவரே: மீனு, உலகம்மை, பள்ளித் தலைமையாசிரியை பியூலாவின் மகன் ஜெனோ. பெரியோர் மன்றத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் ஆதலால் சங்கத்துக்கு விதிகள் நாற்பது, முத்திரை ஒன்று, உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று இருந்தன. வழக்குதான் இரண்டு கோடைகளாக ஒன்றும் வரவில்லை. எனவே உலகம்மை சொன்னதைக் கேட்டு மீனு வருந்துவதற்கு முன் ஒரு கணம் மகிழ்ந்தாள். பிறகு வெட்கப்பட்டாள்.

“எங்க அப்பா எடுக்கல. அது எனக்குத் தெரியும், அத நீங்க கண்டுபிடிக்க வேண்டாம். எடுத்தது யாருன்னு மட்டும் பாப்போம்” என்றாள் உலகம்மை.

விதிப்படி முதலில் தேட வேண்டியது சுரங்கம். மீனு படித்த துப்பறியும் கதைகள் எல்லாவற்றிலும் சுரங்கம் இருந்தது. சுரங்கத்தின் முடிவில் தாடி வைத்தவர்கள் பெட்டிகளோடு இருந்தனர். மறுநாள் மடைப்பள்ளியின் பின்புறம் கருங்கல் வாய் ஒன்று தென்பட்டது. ஜெனோ டார்ச்சு விளக்கோடு தவழ்ந்து உள்ளே போனான். கால்மணி நேரம் கழித்து, வேறொரு மணத்தோடு பின்னோக்கித் தவழ்ந்து வந்தான். அது மதுரைக்குப் போகவில்லை; வாழைத் தோட்டத்துக்குப் போகிறது என்றான். உள்ளே ஒரு பளிங்குச் சில்லில் ‘இவ்வடிகால் உபயம்’ என்று தொடங்கி ஒரு பெயரும் இருக்கிறதாம். எவரும் பார்க்க முடியாத இடத்திலும் பெயரைப் பதித்தவரின் நம்பிக்கையை வியந்து, மூவரும் ஆற்றில் இறங்கிக் குளித்தனர்.

இரண்டாவது தடயம் ஒரு தாடிக்காரர். பிற்பகல் பேருந்தில் முத்திரையிட்ட சாக்கு மூட்டையை மடியில் அணைத்துக்கொண்டு, யாரையும் நெருங்க விடாமல் அமர்ந்திருந்தார். பாளையங்கோட்டை வரை அவரைப் பின்தொடர்ந்தனர். அவர் ஒரு கல்லூரிக்குள் நுழைந்து மூட்டையைப் பிரித்தார். உள்ளே விடைத்தாள்கள். எல்லாவற்றையும் அவர்தான் திருத்த வேண்டுமாம். அவர் முகத்தில் இருந்தது குற்றமன்று, துயரம் என்று மீனு குறிப்பேட்டில் எழுதினாள்.

மூன்றாம் நாள் காலை உலகம்மை வரத் தாமதமாயிற்று. வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. அவள் தாய் பாத்திரங்களைச் சாக்கில் கட்டத் தொடங்கிவிட்டாள். தண்ணீர்க் குழாயடியில் உலகம்மை குடம் வைத்ததும், முன்னால் நின்ற பெண்கள் தங்கள் குடங்களைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டார்களாம். அதைச் சொன்ன பிறகு அவள் சுரங்கத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

அன்றுதான் சங்கம் முதன்முறையாக யோசிக்கத் தொடங்கியது. பொருளறையில் என்னென்ன உண்டு என்று மீனு தந்தையிடம் கேட்டு எழுதி வந்திருந்தாள். வெள்ளிக் குடம் இரண்டு, தூபக்கால், அடுக்குத் தீபம், திருவாசி. எதுவும் அசையவில்லை. அவற்றுள் எடை குறைந்த தாராபாத்திரம் மட்டும் போயிருந்தது.

“மத்ததுல எல்லாம் பேர் வெட்டியிருக்கு. இதுல மட்டும் இல்ல. பேர் இருந்தா விக்கறச்சே மாட்டிப்பான். ரொம்பக் கெட்டிக்காரத் திருடன்” என்றாள் மீனு. சொன்ன பிறகுதான், அந்த விவரம் தெரிந்தவர் பூதலிங்கமே என்று தன் கூற்று போய் முடிவதை உணர்ந்து உதட்டைக் கடித்தாள்.

பெயர் இல்லாத பொருள் எங்கும் கிடையாது என்றான் ஜெனோ. பாளையங்கோட்டையில் அவர்கள் ஆராதனைக்குப் போகும் கோயிலிலும் பெஞ்சு, மின்விசிறி, பாட்டுப் புத்தகம் அடுக்கும் பெட்டி எல்லாவற்றிலும் பெயர்தான். பிரசங்கம் நீளும்போது அவன் அவற்றைத்தான் வரிசையாக வாசிப்பானாம். அவையெல்லாம் பேட்டையில் காஜா முகைதீன் பட்டறையில் வெட்டியவை. மணிக்கும் அங்கேதான் வெட்டினார்கள்.

உலகம்மை நிமிர்ந்தாள். திரியை வாழைநார் சுற்றி வைத்துவிட்டுப் போன திருடனைப் பற்றி அவள் முந்தைய நாளிலிருந்தே நினைத்துக்கொண்டிருந்தாள்.

“விக்கணும்னா பக்கத்துல இருக்க வெள்ளிக் குடத்த நசுக்கிச் சாக்குல போட்டுட்டுப் போயிருப்பாம்லா. பேரு இருந்தா என்ன, உருக்குனா தெரியுமா? திரிய எதுக்குப் பதனமா எடுத்து வைக்கான்? திரும்பக் கொண்டாந்து வைக்கணும்னுதான். இது விக்கதுக்கு எடுத்தது இல்லட்டி மீனு. பேரு போடதுக்கு எடுத்தது.”

வேப்பமரத்தில் ஒரு காகம் இடம் மாறி உட்கார்ந்தது. திருப்புனல்மங்கலத்தில் பெயர் போடுவதற்குப் பொருள் தேடித் திரிபவர் யார் என்பதை அறிய உருப்பெருக்கிக் கண்ணாடி தேவைப்படவில்லை.

மாலையில் மீனு தந்தையிடம் சொன்னாள். வைத்தி பட்டர் விளக்குத் திரி திரித்துக்கொண்டே கேட்டார். தலைவரைப் பற்றி வெறுங்கையோடு பேசக் கூடாது, தன் பிழைப்பும் அவர் கையில்தான் இருக்கிறது என்று வருந்திச் சொன்னார். பிறகு தூணைப் பார்த்துக்கொண்டு, பேட்டை வழியாகப் போகும் பேருந்து காலை எட்டு மணிக்கு வரும் என்றார். தூண் ஒன்றும் சொல்லவில்லை. மீனு புரிந்துகொண்டாள்.

காஜா முகைதீனின் பட்டறை, பேட்டைத் தொழிற்பேட்டைக்குப் பக்கத்துச் சந்தில் இருந்தது. தேவாலய மணி ஒன்றும், பள்ளிவாசலுக்குரிய தண்ணீர் அண்டா ஒன்றும், கலியாணச் சீர்வரிசைப் பாத்திரங்களும் அடுத்தடுத்துத் தத்தம் பெயருக்குக் காத்திருந்தன. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவர் பிள்ளைகளைப் பார்த்தார். திருப்புனல்மங்கலம் என்றதும் முகம் மலர்ந்தது.

“சுந்தர்ராமன் ஐயா அனுப்புனாவளா? மூணு நாளா போன் போடுதேன் பிள்ளேளா, எடுக்கவே மாட்டேங்காவ. வேலை முடிஞ்சு போச்சு” என்று சொல்லி, பலகையிலிருந்து மஞ்சள் துணிப்பை ஒன்றை இறக்கினார்.

உள்ளே தாராபாத்திரம் இருந்தது. மெருகேற்றியதில் புதுநிலவாக மின்னியது. கழுத்திலிருந்து அடிவரை எழுத்துகள் அதைச் சுற்றி வளைத்திருந்தன: ‘ஆலயத் திருப்பணிச் செம்மல், சிவநெறிக் காவலர், அறப்பணி ஏந்தல், பணிநிறைவு பெற்ற மேற்பார்வைப் பொறியாளர்’ என்று தொடங்கி, பெயரைத் தொடும்போது மூன்று சுற்று முடிந்திருந்தது. ஓரெழுத்தும் குறையக் கூடாது என்று மன்றத்தின் தாளில் தலைவர் கைப்பட எழுதிக் கொடுத்ததையும் காஜா முகைதீன் எடுத்துக் காட்டினார். தொழிலில் அவருக்கு அது பெருமை.

உலகம்மை பாத்திரத்தை ஒரு விரலால் தொட்டாள். எழுத்துகளை அவள் படிக்கவில்லை. மனு, உச்சிகாலம், வீடு என்று மீனுதான் சொல்லி முடித்தாள். கேட்கக் கேட்க அவர் கண்ணாடி நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கியது. திருட்டுச் செய்தியை அவரும் படித்திருந்தார். ஆனால் பத்திரிகையில் படம் கிடைக்காமல் ஏதோ தங்கக் கலசத்தைப் போட்டிருந்தார்கள். இது வெள்ளியாயிற்றே என்று பக்கத்தைப் புரட்டிவிட்டாராம்.

“உங்க அப்பாவா?” என்று உலகம்மையைப் பார்த்து மெல்லக் கேட்டார். அவள் தலையசைத்தாள். அவர் இயந்திரத்தை நிறுத்தினார். ஆணியில் தொங்கிய சட்டையை மாட்டினார். தலைவர் எழுதிய தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். “நடங்க, நானும் வாரேன்.”

பேருந்து பாதிவழியில் ஒரு கலியாண ஊர்வலத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. கேரள மேளம் வேறு. மணி பதினொன்றரை. உலகம்மை சாளரக் கம்பியைப் பற்றிக்கொண்டு ஊர்வலத்து மாப்பிள்ளையையே பார்த்தாள். அவ்வளவு பைய நடக்கும் மாப்பிள்ளையை அவள் பார்த்ததே இல்லை.

மண்டபத்தில் மன்றம் நிறைந்திருந்தது. தலைவர் மனுவை வாசிக்கத் தொடங்கியிருந்தார். அவருடைய கணக்கு இப்படித்தான் பிசகியிருந்தது: பட்டர் திறப்பதற்கு முன் பெயரை வெட்டிப் பொருளறையில் வைத்துவிட்டால், அக்கினி நட்சத்திர முதல் நாள் ஊரே அண்ணாந்து பார்க்கும்; முன்னரே கேட்டால் மன்றத்தின் மற்ற உறுப்பினரும் தத்தம் பெயருக்கு இடம் கேட்பர். பட்டர் முந்திவிட்டார். பின்பு பைய வைத்துவிடலாம் என்றால், பூட்டுக்கு மூன்று சாவியாகிவிட்டது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்ததுண்டு. ஆனால் தன் பெயருக்கு ஒரு கீறல், பூதலிங்கத்தின் பெயருக்கு ஒரு கீறல் என்று இரண்டையும் சீர்தூக்கியபோது, அவருடைய பெயரே நீளமானதாக இருந்தது.

பூதலிங்கம் மண்டபத்துக்கு வெளியே வெயிலில் நின்றார். பிள்ளைகளோடு வந்த காஜா முகைதீன் அவரைப் பார்த்தார், பிறகு மண்டபத்தின் படியருகே நின்று, குரலை உயர்த்தாமல் சொன்னார்: “ஐயா, நீங்க கொடுத்த வேலை முடிஞ்சிட்டு. போன எடுக்கலேல்லா, அதான் நானே கொண்டாந்தேன்.”

பட்டர் பையை வாங்கிப் பாத்திரத்தை வெளியே எடுத்தார். மூன்று சுற்றையும் எல்லாரும் படித்து முடிக்கச் சிறிது நேரம் ஆயிற்று. உறுப்பினர் ஒருவர் விட்டத்தைப் பார்த்தார்; அங்கே அவருடைய குழல்விளக்கு இருந்தது. இன்னொருவர் மின்விசிறியைப் பார்த்தார். தலைவரின் உள்ளத்தை அவர்கள் அனைவரும் மிக நன்றாகப் புரிந்துகொண்டனர். ஆகையால் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பாலங்கள் கட்டியவர் அல்லவா, சுந்தர்ராமன் அந்த மௌனத்தைக் கடந்துவிட்டார். காணாமற்போன கலம் மன்றத்தின் இடையறாத முயற்சியால் மீட்கப்பட்டது என்றார். துணைநின்ற சிறுவர் சிறுமியரின் பெயர்களையும் சேர்த்து, ‘மீட்டவர்’ என்று ஒரு பளிங்குக் கல் பதிக்கப்படும் என்றார். நிம்மதியடைந்த உறுப்பினர்கள் கைதட்டினர். மீனுவுக்குக்கூட ஒரு கணம் அந்தக் கல் கண்ணுக்குள் மின்னி மறைந்தது.

உலகம்மை படியேறி அவர் முன்னால் போய் நின்றாள்.

“எங்களுக்குக் கல்லு வேண்டாம். அந்த மனுவுல இருக்க எங்க அப்பா பேர அடிச்சிட்டு, அவுக எடுக்கலன்னு எழுதித் தாங்க.”

“அதான் பாத்திரம் வந்துடுத்தேம்மா. எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. வாயால சொன்னா போதாதா?”

“வாயாலதான திருடன்னு சொன்னிய. அது கொழாயடி வரைக்கும் போயிட்டு. இது எழுத்துல வேணும்.”

தலைவர் மன்றத்தைப் பார்த்தார். மன்றம் காஜா முகைதீனைப் பார்த்தது. அவர் சட்டைப்பையிலிருந்த மடித்த தாளைத் தொட்டுக்கொண்டு, பேனா வேண்டுமா என்று பணிவோடு கேட்டார்.

சுந்தர்ராமன் எழுதினார். பூதலிங்கம் என்ற பெயரை மனுவில் இரண்டு கோடுகளால் அடித்தார்; கீழே, அவர் குற்றமற்றவர், பாத்திரத்தை எடுத்தவன் நானே என்று எழுதினார். எழுதுமுன் பேனாவை இருமுறை மூடித் திறந்தார். ஆனால் கையெழுத்திடும் இடம் வந்ததும் பழக்கம் வென்றது: ஆலயத் திருப்பணிச் செம்மல், சிவநெறிக் காவலர் என்று ஓரெழுத்தும் விடாமல் மூன்று வரிகளில் முழுப்பெயரையும் எழுதி, தேதியும் இட்டார். அந்தப் பெயர் நற்காரியம் ஒன்றில் நின்றது அன்றுதான்.

உச்சிகாலத்துக்கு நேரமாகிறது, நீர் எங்கே என்று கேட்டார் பட்டர். ஒருவரும் எடுத்து வைத்திருக்கவில்லை. மூன்று நாளும் மன்ற உறுப்பினர்கள் முறைவைத்துச் சுமப்பதாகத் தீர்மானம் இருந்தது, முதல் நாளே ஒருவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது, பிறகு குழாய்நீர்தான். பூதலிங்கம் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தார். கீழே விழுந்து வணங்கினார். எழுந்து, இடத்தை மறக்காத கையால் குடத்தை எடுத்துக்கொண்டார்.

அவர் ஆற்றுக்குப் போன இடைவெளியில், பட்டர் பாத்திரத்தைச் சங்கிலியில் மாட்டினார். பிறகு ஒரு கட்டு வெட்டிவேரை நனைத்துக் கழுத்திலிருந்து அடிவரை நெருக்கமாகச் சுற்றிக் கட்டலானார். தலைவர் கருவறை வாயிலிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“என்ன ஓய், இத்தன வருஷமும் வேர் கட்டினதில்லையே?”

“இந்த வருஷம் வெயில் ஜாஸ்தி. ஜலம் குளிர்ச்சியா இறங்கட்டும்.”

“பேர் மறையறதே.”

“சுவாமிக்குத் தெரியாதா அண்ணா?” என்று பட்டர் கடைசி முடிச்சை இறுக்கினார்.

படித்துறையில் பூதலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டினார். பின்தொடர்ந்து வந்த உலகம்மை தலைவர் கையெழுத்திட்ட அந்த மனுத் தாளைச் சற்று முன்னர்தான் தந்தையின் சட்டைப்பையில் வைத்திருந்தாள்.

“தண்ணியில இறங்கப் போறிய. அத எங்கிட்டத் தாங்க.”

அவர் எடுத்துக் கொடுத்தார். அவர் படிக்கத் தெரியாதவர் அல்லர். ஆயினும் அதை இன்னும் விரித்துப் பார்க்கவில்லை. “பேரு சரியா எழுதியிருக்காவளா?” என்று மட்டும் கேட்டார்.

“அவுக பேருதாம் பெருசு. உங்க பேரும் இருக்கு.”

அவர் இடுப்பளவு நீரில் இறங்கி, மும்முறை முழுகி, நடு ஓட்டத்தில் குடத்தைச் சரித்தார். மேலே ஆலமரத்து நிழலில் மீனு குறிப்பேட்டை விரித்து வைத்து, முதல் வழக்கு முடிந்தது என்று எழுதினாள். அதன் கீழ், சுரங்கம் இன்னும் அகப்படவில்லை என்று ஜெனோ எழுதச் சொன்னதையும் எழுதினாள். உலகம்மை தாளை இரு கைகளாலும் மார்போடு பிடித்துக்கொண்டு, தந்தை கரையேறும் வரை நனையாத படியில் நின்றாள்.